கணக்குத் தப்பிய தொட்டில்

மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நான் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், குழந்தைகளின் ஊட்டத்தை ஆய்வு செய்ய அவர் வந்தார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, கால் நிறைய அட்டைக்கடி. குழந்தைகளைத் தராசில் நிறுத்து நல்லது, சுமார், மோசம் என்று பிரிப்பார். பிறகு வீட்டு நிலையையும் தாய் வேலைக்குப் போகும் நாட்களையும் வைத்து, எந்தக் குழந்தை எந்த வகையில் இருக்கவேண்டும் என்று கணக்குப் போடுவார். கணக்குத் தப்பிய குழந்தையின் தொட்டிலருகே போய் உட்கார்ந்துவிடுவார். அது அவர் பழக்கம்.

ஒருநாள் ஒரு தொட்டிலைவிட்டு எழும்பவேயில்லை.

"அம்மா கூடுதலா வேலைக்குப் போனா புள்ள சுமார்ல இருந்து நல்லதுக்கு வருது. அதுவரைக்கும் கணக்குப் பொருந்துது. மோசத்துல மட்டும் தலைகீழா இருக்குங்க, வேலை கூடக்கூட மோசமும் கூடுது. இவ அம்மா ஒரு நாளும் வேலைய விட்டதில்லையே?"

"விட்டதில்லைங்க ஐயா. மேமலையில கொழுந்து எடுக்குறா. பால் குடுக்க எறங்கி வந்தா அரைப்பேருதான், பாதிச் சம்பளம். அதனால வர்றதில்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மோசத்தையும் சுமாரையும் ஒரே வகையாச் சேர்க்கச் சொல்றாங்க மேல உள்ளவங்க. சேர்த்துட்டா எல்லாம் அழகாப் பொருந்திடும்."

"அப்ப இவ?"

குழந்தை அவர் விரலைப் பிடித்திருந்தது. அவர் விரலை எடுக்கவில்லை.

ஆடி மழையில் அந்தக் குழந்தை போய்விட்டது. சேதி கேட்டு அவர் வந்தபோது தாய் மேமலையில் முழுப்பேருக்கு நின்றாள். தொட்டில் அவிழ்த்த கயிற்றின் கீழே அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தக் குழந்தையை எந்த வகையில் சேர்த்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.