பெரிய எழுத்தில் ஜெபமாலை

போன வாரம் ஒரு பாடம் நடத்தினேன் — வாட்ஸ்அப்பில்.

எங்கள் தங்கச்சிமடத்து நாட்டுப்படகுக்காரர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன், அவர்களுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொடுப்பவன் என்பதால் என்னையும் சேர்த்தார்கள். சேர்த்த நாளிலிருந்து எனக்கு எரிச்சல்தான்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். போகட்டும். ஆனால் எல்லாமே சின்ன எழுத்து! ஊர்ப் பெயர், மாதா பெயர், சொந்தப் பெயர்கூட. ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்... முப்பத்தாறு செய்திகள், ஒரு பெரிய எழுத்துகூட இல்லை. போன் தானாகப் போடுமே? அதையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்!

விடுவேனா? வாக்கியம் தொடங்கினால் பெரிய எழுத்து. பெயர் என்றால் முதல் எழுத்து மட்டும் பெரியது. முழுச் சொல்லையும் பெரிதாக எழுதினால் கத்துவதாக அர்த்தம், கூடவே கூடாது. காலையிலேயே இத்தனையும் எழுதிப் போட்டேன். அதன் பிறகும் சின்ன எழுத்துச் செய்திகள்தான் வந்தன.

மதியம் வாடைக்காற்று பலமாக அடித்தது. குழுவில் ஒரே ஒரு சொல் வந்தது: ஜெபமாலை. அத்தனை எழுத்தும் பெரிது. பக்கத்து வீட்டு அந்தோணியின் படகுப் பெயர் அது. சொல்லி அரை நாள் ஆகவில்லையே! 'முதல் எழுத்து மட்டும் போதும், தம்பி' என்று உடனே திருத்தினேன்.

தட்டி முடிப்பதற்குள் அந்தோணியின் மனைவி பிலோமினா செருப்புகூடப் போடாமல் என் வாசலைத் தாண்டி ஓடினாள். என்னவோ ஏதோ என்று நானும் பின்னால் போனேன்.

கரையில் சூசை நின்றார். என் வயதுக்காரர், கடலுக்குப் போவதை நிறுத்தியவர்.

"என்ன சார், மார்க்கு போட்டு முடிச்சாச்சா?" என்றார், கடலிலிருந்து கண்ணை எடுக்காமல். "படகு பேரைப் பெரிய எழுத்துல போட்டா உசுருக்கு ஆபத்துன்னு அர்த்தம். நனைஞ்ச கையி... கதையா எழுத முடியும்? அதுக்குத்தான் மத்த நேரம் யாரும் பெரிய எழுத்தைத் தொடுறதில்ல."

"பாத்தவங்க என்ன செய்வாங்க?"

"வலையை அறுத்துப் போட்டுட்டுப் போவாக. மீனு நெறஞ்சு கெடந்தாலும் சரி."

பிலோமினா மணலில் முழங்காலிட்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. நான் கடலைப் பார்த்தேன். எங்கெங்கோ சிதறிக் கிடந்த படகுகளெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. யாரும் கட்டளையிடவில்லை. ஒரு பெயர், அவ்வளவுதான். 

'நான்' என்பதைக் குறிக்கும் 'ஐ' என்கிற ஒற்றை எழுத்தை எங்கே வந்தாலும் பெரிதாகப் போடு என்கிறது ஆங்கிலம். இவர்களோ பெரிய எழுத்தை அடுத்தவன் உயிருக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். எந்த இலக்கணப் புத்தகத்தில் இருக்கிறது இது?

பொழுது சாயும் நேரத்தில் ஜெபமாலை வந்தது — பாதித் தண்ணீரோடு, இன்னொரு படகின் கயிற்றில். இழுத்து வந்தவர் சவரிமுத்து.

"ஒரு வருசமா இவருக்கும் அந்தோணிக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது" என்று என் காதில் சொன்னார் சூசை.

பிலோமினா புருஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "காத்தடிக்குது, போகாதீகன்னு சொன்னேன்ல? இங்கன நான் செத்துப் பொழைச்சேன்!" வைதுகொண்டே முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள்.

வலையை அறுத்துவிட்டு வந்த சவரிமுத்து தன் கயிற்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டார். அந்தோணியைப் பார்க்காமலே நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்று போனில் எதையோ தட்டினார். குழுவில் வந்து விழுந்தது: ஜெபமாலை. இந்த முறை எல்லாமே சின்ன எழுத்து. கரை சேர்ந்தாயிற்று என்று அர்த்தமாம்.

அந்தோணி பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து போனை எடுத்து, அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டார்.

ஒரு வருஷத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான்!