கோரையைக் கடந்து வரும் தண்ணீர்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் ஆனேக்கல் பஸ்ஸைப் பிடித்தேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். நெரிசலில் இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கே வேதியியல் ஆசிரியையாக இருக்கும் என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா, "எங்க ஏரிச் சேத்தை இன்னிக்கு வாரப் போறாங்கடி. அதுக்குள்ள வந்து பாத்துடு" என்று கூப்பிட்டிருந்தாள்.

ஊர்ச் சாக்கடை ஏரியில் விழும் இடத்தில் ஆளுயரச் சம்பங்கோரை. கால் வைத்ததும் முழங்கால்வரை இறங்கியது. அழுகிய முட்டை வாடை. ஸ்டெல்லா ஒரு பிடி கருஞ்சேற்றை அள்ளிப் பிரித்தாள். உள்ளே பாதி மக்கிய கோரைத் தாள்கள். நீருக்கடியில் காற்றுப் போகாததால் செத்த கோரை முழுதாக மக்காமல் படிகிறதாம். குளிர் நாடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படிப் படிந்துதான் பெரும் சதுப்புகள் உருவாயின. அங்கே தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில், அமிலத்தன்மையோடு இருக்குமாம்.

பத்து மணிக்கு ஜேசிபி வந்தது. கூடவே குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாகராஜ்.

"டீச்சர், போன மழையில என் பொண்ணு டெங்குல ஐசியூ வரைக்கும் போய் வந்தா. இந்தக் கொசுக் காடு எனக்கு பேடா, வேணவே வேணாம்."

ஸ்டெல்லா இரண்டு கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் மொண்டாள். சாக்கடை வாயில் எடுத்தது சாம்பல் நிறம். கோரையைத் தாண்டி எடுத்ததில் பாட்டிலின் மறுபக்கம் பிடித்திருந்த என் விரல்கள் தெரிந்தன.

"குடிக்க ஆகாது சார். ஆனா மீனு வாழும். கோரையை எடுத்துட்டா இந்தச் சாக்கடை நேரா ஏரிக்குள்ள போகும்."

"கொசு?"

"உங்க பயம் நியாயம்தான். அது பெருகுறது ஓரத்துக் குட்டையிலயும் நம்ம வீட்டுத் தொட்டியிலயும். குட்டையை வெட்டி ஏரியோட சேத்துடுங்க, மீனு உள்ள வந்து கொசுப் புழுவைத் தின்னுடும். தொட்டிங்களை நான் வீடு வீடா வந்து பாக்கறேன்."

நாகராஜ் பாட்டில்களை மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மழைக்காலம் பாப்போம்" என்றவர், டிரைவரிடம் கையைக் காட்டினார். வண்டி கோரையை விட்டு ஓரத்துக்கு நகர்ந்தது. குட்டை உடைந்து தண்ணீர் ஏரிக்குள் ஓடியபோது ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் அல்சூர் ஏரி ஓரமாக நடந்து வீடு திரும்பினேன். கல் கட்டிய கரை, சுத்தமான நடைபாதை. இத்தனை வருடமாக அழகு என்று நினைத்துப் பார்த்த கரை. ஒரு மூலையில் கல்லிடுக்கில் கொஞ்சம் கோரை முளைத்திருந்தது. நின்று பார்த்துவிட்டு ஸ்டெல்லாவுக்கு போன் போட்டேன்: "அடுத்த ஞாயிறு நீ இங்க வாடி."