விளம்பரத்தின் மறுபாதி

எங்கள் வீட்டுச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஒட்டப்பட்டிருந்தது. அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். எல்லோரும் ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வலப்பக்கமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகங்களில் நீல வெளிச்சம். பையனுக்கு வாய் பிளந்திருந்தது. அந்த அப்பாவின் மடியில் குச்சி வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து கிளம்பிய ஒயர் தரையில் வளைந்து வளைந்து ஓடி, காகிதத்தின் ஓரத்தில் அறுந்துபோயிருந்தது.

பத்திரிகையில் இரண்டு பக்கம் விரித்துப் போட்ட வீடியோ கேம் விளம்பரம் அது. எங்களுக்குக் கிடைத்தது இடது பக்கம் மட்டும்.

அப்போது நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவின் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து மிஷின் பாகங்கள் பெரிய மரப்பெட்டிகளில் வரும். ஒன்றோடொன்று மோதாமலிருக்கப் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கிழித்துக் கசக்கி இடையிடையே திணித்திருப்பார்கள். பெட்டி பிரிப்பது அப்பாவின் வேலை. வழவழப்பான தாளாகப் பார்த்து டிபன் கேரியரைச் சுற்றிக்கொண்டு வருவார். அம்மா அதைக் கையால் நீவிப் பாய்க்கு அடியில் வைத்துவிட்டால் போதும், என் புத்தகங்களுக்கு அட்டை தயார். கணக்குப் புத்தகத்துக்கு ஒருமுறை பிராந்தி பாட்டில் அமைந்துவிட்டது. வாத்தியார் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, உங்கப்பன் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறான் என்று கேட்டார்.

இந்தத் தாளை மட்டும் நான் அட்டை போட விடவில்லை. சோற்றுப் பருக்கையைத் தேய்த்துச் சுவரில் ஒட்டினேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்கா மோர் வாங்க வந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாரு இவ்ரு, நிம்ம ஓனரா?" என்று கேட்டாள். அம்மா சிரித்து மாளவில்லை.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆறாம் வகுப்பு. அப்பாவும் அம்மாவும் ஜவளகிரிப் பக்கத்துக் காட்டோரத்தில் ராகி விதைத்துக்கொண்டிருந்தவர்கள், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். தங்கச்சி இன்னும் சேரவில்லை. எனவே படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் இருந்ததைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூட அகராதியைப் புரட்டி இரண்டு நாளில் கண்டுபிடித்தேன். 'இன்று மாலை இந்த வீட்டில் யாரும்' என்று இருந்தது. அதற்குள் பக்கம் முடிந்துவிட்டது. யாரும் என்ன என்பது மறுபாதியில்.

அந்த மறுபாதி என்னைப் பிடித்து ஆட்டியது. சாப்பிட மாட்டார்களா, தூங்க மாட்டார்களா, உயிரோடு இருக்க மாட்டார்களா? அடி வாங்க மாட்டார்கள் என்றாள் தங்கச்சி, அவளுடைய கவலை அவளுக்கு. என் வகுப்பில் ஒருவன் பெங்களூரில் மாமா வீட்டில் வீடியோ கேம் பார்த்திருந்தான். டிவிக்குள் ஓடும் ராக்கெட்டை நாமே ஓட்டலாம், எதிரில் வருவதையெல்லாம் நாமே சுடலாம் என்று அவன் சொன்ன நாளிலிருந்து, அந்த அறுந்த ஒயருக்கு அப்பால் நானே ஒரு ஆகாயத்தைக் கட்டத் தொடங்கினேன். நெருப்புக் கக்கும் பறவைகள், கண்ணாடிக் கோட்டைகள், மூன்று நிலாக்கள். பாயில் படுத்தபடி அந்தப் பையனின் பிளந்த வாயைப் பார்ப்பேன். அவன் பார்ப்பதை நானும் ஒருதரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருக்கும். எங்களிடம் டிவி கிடையாது. விளையாட வேண்டும் என்றுகூட ஆசைப்படத் தெரியாது. பார்த்தால் போதும்.

அம்மாவுக்கு அந்த மறுபாதியில் அக்கறையே இல்லை. அடுப்பு வேலை முடிந்தால் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நிற்பாள். ஒருநாள், "அவங்கப்பாவும் வூட்டுலயே இருக்காரு பாரு" என்றாள். எதைப் பார்க்கிறார்கள் என்பதல்லவா விஷயம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. படிக்காதவளுக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது என்று விட்டுவிட்டேன்.

எங்கள் அப்பா ஷிப்டில் இருந்தார். செகண்ட் ஷிப்ட் வாரத்தில் நாங்கள் தூங்கிய பிறகு வருவார், நாங்கள் எழும்போது தூங்கிக்கொண்டிருப்பார். நைட் ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் போர்வைக்குள் இருப்பார். அம்மா உதட்டில் விரல் வைத்தபடியே வீட்டுக்குள் நடமாடுவாள். சாயங்காலம் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் செருப்பை மாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓவர்டைம். அவரோடு பேச வேண்டியதையெல்லாம் அவர் செருப்பு மாட்டும் நேரத்துக்குள் பேசிவிட வேண்டும்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் சொன்னேன். மிச்சப் பெட்டிகள் ஏதாவது ஒன்றில் அந்த இன்னொரு பாதி இருக்கும், பார்த்து எடுத்துவர வேண்டும். கூடவே ஒரு குறையும் சொன்னேன். "இதுல அந்தப் பையன் மூஞ்சி மேல மடிப்பு வுழுந்துருக்குதுப்பா. அதை மட்டும் கசக்காம எடுத்துனு வாப்பா."

அப்பா தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் டிபன் கேரியரை நான்தான் பிரித்தேன். துணி சோப்பு வந்தது, சிகரெட் வந்தது, குதிரையில் ஒரு ஆள் வந்தான். ஆகாயம் வரவில்லை.

ஒரு நைட் ஷிப்ட் வாரம். காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் அப்பா வந்திருக்கவில்லை. அம்மா தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் திரும்பியபோது வழக்கம்போலப் போர்வைக்குள் இருந்தார். விளக்கு வைத்த பிறகு எழுந்து முகம் கழுவினார். சட்டை போடவில்லை. பனியனோடு பாயில் வந்து உட்கார்ந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த இரண்டு அட்டைகளைப் பிரித்தார். நடுவில் ஒரு சின்ன மடிப்புகூட இல்லாமல், புதுத்தாள்போல, மறுபாதி.

வேலை நேரம் முழுக்க அதை ஒரு பலகைக்கு அடியில் வைத்து நீவியிருக்கிறார். வீட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பைக்குள் சொருகியிருக்கிறார். கேட்டில் பைக்குள் கையை விட்டுப் பார்த்த வாட்ச்மேன் நிறுத்திவிட்டான். அந்தக் கம்பெனியில் கை துடைத்த கந்தல்கூடச் சீட்டு இல்லாமல் வெளியே போகாது. கசங்கிய காகிதத்தை மட்டும் குப்பை என்று விடுவார்கள். இப்படிப் பத்திரமாக எடுத்துப் போனால் அது டிராயிங்தான் என்று வாட்ச்மேனுக்குச் சந்தேகம். எந்த மிஷினின் டிராயிங் என்று அதட்டியிருக்கிறான். அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

"எனக்கின்னா தெரியும் சார், எங்க வூட்டுல படிச்சவன் எம் பையன் ஒருத்தன்தான், அவனைத்தான் கேக்கணும்னேன்" என்று அப்பா சொல்லிச் சிரித்தார்.

பகல் ஷிப்ட் அதிகாரி வரும்வரை கேட்டிலேயே உட்காரவைத்து விட்டார்களாம். அவர் தாளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்தக் காகிதத்துக்கு முறையாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, சிரித்த முகம் மாறாமலே, மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றும் எழுதிவிட்டாராம். அப்பா வாட்ச்மேன் மாதிரியும் அதிகாரி மாதிரியும் குரலை மாற்றி மாற்றிச் சொன்னார். தங்கச்சி உருண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. எனக்கோ மூன்று நாள் என்றால் அப்பாவுக்கு லீவு என்று மட்டும்தான் காதில் விழுந்தது.

தாளைப் பாயில் விரித்தோம். அதில் ஒரு டிவி இருந்தது. டிவிக்குள் வெறும் கறுப்பு. கீழே ஒரு வெள்ளை முக்கோணம். மேலே வரிசையாகப் பச்சைக் கட்டங்கள், கோலத்துக்கு வைத்த புள்ளிபோல. இடையில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்.

பறவை எங்கே என்று திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் டயர் விளம்பரம். இந்தக் கட்டங்களுக்கா அவன் வாயைப் பிளந்தான்? பல நாள் கட்டிய ஆகாயம், இரண்டு விரலால் மறைத்துவிடலாம் போலிருந்தது.

"மேல எழுதியிருக்கறதப் படி கண்ணு" என்றாள் அம்மா.

சுரத்தில்லாமல் எழுத்துக் கூட்டினேன். முன்பாதியோடு சேர்த்துச் சொன்னேன். இன்று மாலை இந்த வீட்டில் யாரும் எங்கேயும் போகமாட்டார்கள்.

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அப்பாவின் கால் பழக்கத்தில் செருப்புப் பக்கம் நகர்ந்து, திரும்பிவந்து மடங்கிக்கொண்டது. இன்னொரு முறை அடித்துவிட்டு பஸ் போய்விட்டது. தங்கச்சி அப்பாவின் மடியில் ஏறி, பச்சைக் கட்டங்களை விரலால் எண்ணத் தொடங்கினாள். ஒரே குண்டு பல்பின் கீழே எங்கள் தலைகள் எல்லாம் அந்தத் தாளின் மேல் கவிந்திருந்தன.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. தாளைச் சுருட்டப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதுக்குள்ள எடுக்காத. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்."

அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்க நிமிர்ந்தேன். அம்மா தாளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.