யானைக்கு வாசித்த ட்ரம்பெட்

என் மகளுக்கு ஐந்து வயதாகும்வரை, எங்கள் கரையில் என்னைப்போல ட்ரம்பெட் வாசிக்க ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை. கோயில் பாண்ட் வாத்தியக் குழுவோடு நடக்கும்போது என் நடையிலேயே அது தெரியும் என்று மனைவி சொல்வாள்.

புத்தளம் கடற்கரையில் எத்தாளைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பகலில் தபால் கந்தோரில் வேலை. பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் பின்னால் தென்னைக்குக் கீழே கதிரையைப் போட்டு அரை மணித்தியாலம் வாசிப்பேன். என் ட்ரம்பெட் நான் வாங்கும்போதே பழையது. ஐரோப்பாவில் எங்கோ செய்தது. முன்னால் விரியும் புனலின் விளிம்பில் சிறகு விரித்த ஒரு குருவியும், அதன் கீழே மாதிரியைக் குறிக்கும் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் வெட்டியிருக்கும். அந்த மாதிரியைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

வாங்கிய புதிதில் அதுவும் மற்ற ட்ரம்பெட்டுகள் மாதிரிக் கணீரென்றுதான் கேட்டது. என் கலியாணத்துக்கு முதல் கிழமை மனைவியின் அண்ணன், பைபர் படகு திருத்துகிற என் மச்சான், அதைக் கொண்டுபோய்க் கலியாணப் பரிசாக மினுக்கித் தந்தார். கலியாணத்துக்குப் பிறகு சத்தமே மாறிவிட்டது. கூர் மழுங்கி, உருண்டு, பக்கத்தில் இருந்து யாரோ கதைப்பது போல ஆனது. எவ்வளவு உரத்து ஊதினாலும் காதைக் குத்தாது. "கலியாணம் கட்டின பிறகுதான் எனக்கு வாசிப்புக் கனிஞ்சது" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

மகளுக்குச் சத்தம் ஆகாது. கொழும்பு டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஆட்டோ சந்தியில் திரும்பும்போதே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். கோயில் மணி, பட்டாசு, என் தும்மல், எல்லாவற்றுக்கும் அலுமாரிதான். தூக்கினால் திமிறுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளிடம் இருந்த சொற்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஆனால் ஐந்து மணிக்கு நான் வாசிக்கத் தொடங்கினால் தானாக வெளியே வருவாள். கவிழ்த்து வைத்த தண்ணீர்ப் பேசினில் ஏறி உட்கார்ந்து, என் முழங்காலில் உள்ளங்கையை வைப்பாள். ஒரு பாட்டு முடிந்ததும் "இன்னும்" என்பாள். அவளுடைய சொற்களில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். நாள் முழுவதிலும் அவள் தானாக என்னிடம் வருவது அந்த அரை மணித்தியாலம் மட்டும்.

அந்த ட்ரம்பெட்டைத்தான் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

யுத்தம் முடிந்து வடக்குப் பாதை திறந்த பிறகு தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்குச் சனம் பெருகியது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். கரை நெடுகப் புதிய பாண்ட் குழுக்கள், புதிய சீருடைகள், வெள்ளியாக மின்னும் ட்ரம்பெட்டுகள். அவற்றுக்கு நடுவில் என்னுடையது அடுப்பில் கிடந்த கேத்தல் மாதிரி இருந்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. சிலாபத்தில் ஒரு கடையில் பழையதைக் கொடுத்துப் புதியதாக மாற்றிக்கொண்டேன். கடைக்காரர் பழைய புனலை நகத்தால் தட்டிப் பார்த்து, "இதென்ன, சத்தம் செத்துப்போய்க் கிடக்கு?" என்றார். இந்த மனிசனுக்கு வாத்தியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று பின்னேரம் கதிரையைப் போட்டேன். மகள் வந்து பேசினில் உட்கார்ந்தாள். முதல் சுரம் வெளியே போனதுதான் தாமதம், முகம் சுருங்கிக் காதைப் பொத்திக்கொண்டு விழுந்தடித்து உள்ளே ஓடினாள். அலுமாரிக்குப் பின்னால் அவள் அழுத அழுகையைக் கேட்டுக்கொண்டு அந்த வெள்ளிச் சாமானை மடியில் வைத்தபடி இருந்தேன். மறுநாள் விடிந்ததும் சிலாபத்துக்கு ஓடினேன். பழையதை முதல் நாளே யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். யார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் அவள் ஐந்து மணிக்கு வந்து பேசினில் உட்கார்ந்தாள். நான் வெறுங்கையோடு பக்கத்தில் இருந்தேன். வாயால் பாடிப் பார்த்தேன், எழும்பிப் போய்விட்டாள். இரண்டு மாதம் அப்படி வந்தாள். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள். "இன்னும்" என்ற சொல்லை எங்கள் வீட்டில் பிறகு யாரும் கேட்கவில்லை. செய்தது நான்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

அதே குருவி போட்ட ட்ரம்பெட் ஒன்றைத் தேடி நான்கு வருடம் அலைந்தேன். தலவிலத் திருவிழாவில் எல்லோரும் சுரூபத்தைப் பார்த்துக் கும்பிடுகிற நேரத்தில் நான் குனிந்து குனிந்து வாத்தியக்காரரின் புனல்களைப் பார்த்துக்கொண்டு போவேன். ஒருவர் என்னைத் திருடன் என்று நினைத்துத் தன் ட்ரம்பெட்டைச் சட்டைக்குள் மறைத்தார். கைத்தொலைபேசியில் வெளிநாட்டு விற்பனைப் பக்கங்களைத் தோண்டினேன். குருவிக்குப் பதிலாகச் சிங்கம் வந்தது, கிரீடம் வந்தது, குருவி மட்டும் வரவில்லை. "பிள்ளைக்கு இப்ப அது ஞாபகமே இருக்காது. விடுங்களேன்" என்றாள் மனைவி. அவளுக்கு மறந்தால் எனக்கும் மறக்க வேண்டுமா என்று பாய்ந்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

கடைசியில் செய்தி கொண்டு வந்தவர் லொறி ஓட்டுகிற ஒரு முஸ்லிம் நானா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டுக் கைப்பிள்ளையோடு புத்தளத்துக்கு வந்து, இங்கேயே வேரூன்றியவர். எலுவன்குளத்தில் நெல் ஏற்றிக்கொண்டு வந்த வழியில் தபால் கந்தோர் வாசலில் லொறியை நிறுத்தினார்.

"தம்பி, அங்க ஒரு மனிசன் யானைக்கு வாத்தியம் வாசிக்கிறாரு. குழல் வாயில ஒரு குருவி இரிக்கி. நீங்க தேடுற சாமான் அதுதானோ?"

அடுத்த நடையில் நானும் லொறியில் ஏறினேன். மடியில் வெள்ளி ட்ரம்பெட், ஏதாவது மாற்றுப் பேச்சு வந்தால் உதவும் என்று. அந்த மனிதர் பட்டாளத்து பாண்டில் இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர். காட்டு ஓரத்தில் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறார். வவுனியாவில் இருந்த காலத்தில் பிடித்த தமிழை எனக்காகத் தேடித் தேடிக் கதைத்தார்.

"மரணத்துக்கு வாசிச்சி வாசிச்சிப் போதும் மாத்தயா. இப்ப வயலுக்கு யானை வந்தா விரட்ட ஊதுறது. யானை அழுறதில்லதானே" என்றார்.

அவர் அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்த ட்ரம்பெட்டில் ஒரு கீறல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைப்பாராம். என்னுடையது இல்லை, ஆனால் அதே குருவி. அதே எழுத்து, அதே மூன்று இலக்கங்கள். வயல் வரம்பில் நின்று ஊதினேன். சத்தம் குளத்தைக் கடந்து காட்டில் போய் முட்டித் திரும்பி வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு வருட ஆசை, எதைக் கேட்க விரும்பினேனோ அதுதான் எனக்குக் கேட்டது. என் மகளின் கதையைச் சொன்னேன். அவர் என் வெள்ளி ட்ரம்பெட்டை வாங்கி ஒரு தடவை ஊதினார். ஊர் நாய்களெல்லாம் குரைக்கத் தொடங்கின. "யானைக்கு இது இன்னும் நல்லம்" என்று சிரித்தார். அதை வைத்துக்கொண்டு இதை எனக்குத் தந்தார்.

யானை ஓடுகிற சத்தத்துக்கு என் மகள் கிட்ட வருவாளா என்று ஒரு கணமாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து, கதிரையைப் போட்டு, மனைவியிடம் மகளை மெதுவாக வெளியே கூட்டிவரச் சொன்னேன். ஒன்பது வயதாகிவிட்டது, பேசின் சின்னதாகத் தெரிந்தது. ட்ரம்பெட்டைக் கண்டதும் வந்து உட்கார்ந்தாள். மறக்கவில்லை. நான் ஊதினேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்தத் தடவை ஓடவில்லை, அழவில்லை. எதிர்பார்த்தது நடந்த மாதிரிப் போனாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நடந்ததைத் தங்கையிடம் கேட்டறிந்து மறுநாள் மச்சான் வந்தார். வழக்கமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர், அன்றைக்குத் தலையைச் சொறிந்துகொண்டு வாசலில் நின்றார்.

"மச்சான், ஒரு கதை சொல்லோணும். அடிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"கலியாணத்துக்கு முதல் கிழமை உங்கட பழைய குழல மினுக்கித் தாறன் எண்டு கொண்டு போனன்தானே. மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்திட்டு. கழுத்துல விரல் நீளத்துக்கு வெடிச்சிட்டு. நீங்க கோவக்காரன், கலியாணத்தையே குழப்பிப்போடுவீங்களோ எண்டு பயம். எனக்குத் தெரிஞ்சது ஒரு வேலைதான். படகுக்கு ஒட்டுற மாதிரி நார்த்துணி வச்சு, ரெசின் பசை பூசித் தேய்ச்சிட்டன். கோயில் சுருவத்துக்கு அடிச்ச தங்க நிறம் மிச்சம் இருந்திச்சு, அத மேல அடிச்சன்."

"எத்தின பூச்சு?"

"பயத்துல ஆர் எண்ணினது? நாலஞ்சு இருக்கும்."

சிலாபத்துக் கடைக்காரர் நகத்தால் தட்டியது நினைவுக்கு வந்தது. அந்த மனிதரிடமும் நான் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி முதலில் சிரித்தாள். "அப்ப கனிஞ்சது நீங்களும் இல்ல, நானும் இல்ல" என்றாள். மச்சானை அடிக்க எழும்பிய நானும் சிரித்துவிட்டேன். ஊரெல்லாம் கலியாணத்தின் பெயரில் நான் பரப்பிய புகழ் முழுவதும் ஒரு வாளி ரெசினுக்குப் போய்விட்டது.

"இப்பவே பூசுவமா?" என்றார் மச்சான்.

நான் ஒரு கிழமை இழுத்தடித்தேன். அதை மறைக்க மாட்டேன். அந்தக் குழல் உலகத்தில் இன்னும் எத்தனை மிஞ்சியிருக்கிறதோ தெரியாது. ஒருவர் ஞாயிறு தோறும் துடைத்து வைத்திருந்தது. தனியாகக் கடற்கரைக்குப் போய் வாசித்துப் பார்த்தேன். இளவயதில் நான் வாசிக்க ஆசைப்பட்டது அந்தச் சத்தத்தைத்தான். அவ்வளவு தெளிவு, அவ்வளவு வெளிச்சம். அதன்மேல் படகுப் பசையை அப்ப வேண்டும் என்று நினைத்ததும் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பூசினால் திரும்ப எடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அடுப்படி யன்னலால் பார்த்தேன். மகள் பின்வாசலால் வந்தாள். பேசினைக் காலால் தொட்டுப் பார்த்தாள். தென்னைக்குக் கீழே கதிரை இல்லாததைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை நானும் மனைவியும் மகளும் கரையில் மச்சானின் கொட்டிலுக்குப் போனோம். நல்ல வெயில். மகளை மனைவியோடு எட்டத்தில், கவிழ்த்திருந்த படகின் நிழலில் விட்டேன். மச்சான் புனலின் கழுத்தில் வெள்ளை நார்த்துணியைச் சுற்றி ரெசின் பூசினார். அவர் பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து, அது இறுகும்வரை காத்திருந்து ஊதினேன். குழல் கொஞ்சம் அடங்கியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது பூச்சு. குருவியின் வாலில் கொஞ்சம் ரெசின் வழிந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். காய்ந்ததும் ஊதினேன். கை காதிலேயே இருந்தது, ஆனால் அவள் எழும்பிப் போகவில்லை.

மூன்றாவதில் ஒரு கை இறங்கியது. மச்சான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் கதைக்கப் பயம். அவர் அடுத்த பூச்சுக்கு ரெசினைக் குழைத்தார். பத்து வருடமாக இதை மனதில் வைத்திருந்தவர்.

நான்காவது பூச்சு காய மத்தியானமாகிவிட்டது. பச்சை மஞ்சளாக, நார் நாராகத் தெரிய, பார்க்கச் சகிக்காத ஒரு கழுத்து அந்த அழகான ட்ரம்பெட்டுக்கு. முன்பு அவளுக்கு வாசித்த மாதா பாட்டை எடுத்தேன். முதல் சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சத்தம்தான். பக்கத்தில் இருந்து யாரோ கதைப்பது போல. விடாமல் வாசித்தேன்.

மகளின் இரண்டு கைகளும் மடிக்கு வந்தன. எழும்பினாள். மணலில் நடந்து வந்தாள்.

"வந்திட்டாள் மச்சான், வந்திட்டாள்!" என்று மச்சான் வானத்துக்குக் கேட்கக் கத்தினார்.

அவள் நேரே அவரிடம் போய், எட்டி, அவர் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள். மற்றக் கையை என் முழங்காலில் வைத்தாள்.

"இன்னும்" என்றாள்.