பாஸிலா தனக்கு அடித்த பயோடேட்டா

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடை. பேகம்பூர் பாஸிலா அங்கே பதினோரு வருடமாகப் பயோடேட்டா அடித்துக் கொடுக்கிறாள். யாராவது 'ஹார்ட் வொர்க்கர்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டால் போச்சு, சுள்ளென்று கோபம் வந்துவிடும். உன் குணத்தை யார் கேட்டார்கள், என்ன செய்தாய் அதைச் சொல்லு என்று வாயைக் கிளறுவாள். ஆத்தூர்ப் பெண் பானுப்ரியா அப்படித்தான் மாட்டினாள். மூன்று வருடம் விடியற்காலையில் மார்க்கெட்டில் பூ நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒருநாள்கூடத் தாமதமாகாமல் கல்லூரிக்குப் போனவள் என்பது கிளறியபிறகுதான் வெளியே வந்தது. அந்த ஒரு வரியைப் போட்டாள் பாஸிலா. பானுவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது.

பாஸிலா படித்தது நூலகப் படிப்பு. படிப்பு முடிந்த மறுமாசமே நிக்காஹ். பட்டம் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, ஆசை படுக்கவில்லை. தினமும் டவுன் பஸ் பெண்கள் கல்லூரியைத் தாண்டும்போது கழுத்தை நீட்டி அந்த நூலக ஜன்னலைப் பார்த்துவிடுவாள். அலமாரிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி, அம்புட்டுத்தான் அவள் கேட்டது. ஏங்கினாள், அதற்கு வேறு வார்த்தை கிடையாது.

இந்த ஜூன் மாதம் அந்தக் கல்லூரியிலேயே நூலக உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு நாற்பது ஆக நாலே மாதம். இதை விட்டால் இனி இல்லை. தோல் மண்டிக்கு வேலைக்குப் போகிற கணவர் கிதர் முகம்மதுவும், போட்டுத்தான் பாரேன் என்றார்.

எழுத உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் வார்த்தை எடுத்துக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று வந்தபோது ஒன்றுமே ஓடவில்லை. ஜெராக்ஸ் கடையில் குந்தியிருந்தேன் என்றா எழுதுவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆளின் ஃபைலைத் திறந்து அதன் மேலேயே புது ஆளை அடிப்பார்கள். அவள் கைக்கு அகப்பட்டது பானுவின் ஃபைல். பெயரை மாற்றினாள், படிப்பை மாற்றினாள். அனுபவம் என்ற இடத்தில், அடக் கொடுமையே, 'ஹார்ட் வொர்க்கர், நேர்மையானவர்' என்று அடித்தாள். அடுத்தவர்களுடையதை மூன்று தடவை வாசிக்கிறவள், தன்னுடையதை ஒரு தடவைகூட வாசிக்கப் பொறுக்காமல் அனுப்பிவிட்டாள்.

மூன்று வாரம் ஓடியது. போன் அடித்தபோதெல்லாம் அடிக்கிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எடுத்தாள். கேஸ் சிலிண்டர்காரர், லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண், இவர்கள்தான். நாலாவது வாரம் டவுன் பஸ்ஸில் கழுத்தை நீட்டுவதையும் விட்டுவிட்டாள்.

அந்த வாரமே ஒருநாள் காலையில் கோயம்புத்தூரிலிருந்து பானு கூப்பிட்டாள். பாஸிலாவைக் கேட்டுக் கல்லூரியிலிருந்து தன் நம்பருக்குப் போன் வந்தது என்றாள். அப்போதுதான் பாஸிலாவுக்குப் புரிந்தது. ஃபைலில் போன் நம்பரை மாற்றவே இல்லை.

"போச்சா பானு?"

"போகலக்கா. வியாழக்கிழமை பத்து மணிக்கு நேர்ல வரச் சொல்றாங்க. ஒங்க நம்பரையும் கொடுத்துட்டேன். மொதல்ல, நான் யாரு, என் நம்பர் எப்படி இதுல வந்துச்சுன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"என்னத்தச் சொன்ன?"

"போன மழைல சர்டிபிகேட்டெல்லாம் நனைஞ்சு போயி ஒங்ககிட்ட ஓடியாந்தேன்ல? நாலு வருசத்துக்கு முந்தி நான் ஒங்ககிட்ட குடுத்த காப்பி. ரெண்டே நிமிசத்துல எடுத்துக் கொடுத்தீங்க. அதத்தான் சொன்னேன். பாஸிலாக்கா பதினோரு வருசத்துல வந்தவங்க அத்தனை பேரு காகிதத்தையும் ஊர்வாரியா அடுக்கி வச்சிருக்காங்க, எப்ப யாரு போய்க் கேட்டாலும் எடுத்துத் தருவாங்க, யாரும் சொல்லிச் செஞ்சதில்லன்னு சொன்னேன். போன் பண்ணின காலேஜ் அம்மா, ஊர்வாரியாவான்னு திருப்பிக் கேட்டாங்கக்கா. அப்பறந்தான் வரச் சொல்லுங்கன்னாங்க."

பாஸிலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடை வாசலில் நின்ற இரண்டு பேரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். யாருடைய ஃபைலையும் தொடாமல் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

"இன்னொருக்கா சொல்லு பானு. நிதானமாச் சொல்லு, அடிச்சுக்கிறேன்."