ஓரமாய் நின்ற தேவராஜ்

இந்த ஜெர்மன் ஊரில் சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கம்பத்தில் கட்டுகிறார்கள். மாட்டைக் கட்டிப் பார்த்திருக்கிறேன், சைக்கிளைக் கட்டுவதை இங்கே வந்துதான் பார்த்தேன். ஷூ கம்பெனிக்கு நடந்துபோகும் வழியில் அவற்றைப் படம் பிடிப்பது என் வழக்கம். எதைப் பார்த்தும் அதன் ஆள் யாரென்று சொல்ல முடிந்ததில்லை. எல்லாவற்றுக்கும் கடையில் வாங்கிய ஒரே மாதிரிக் கறுப்பு சீட்டு.

ஆம்பூரில் அப்படியில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில், வெட்டிப்போட்ட துண்டுத் தோலை எடுத்து அவரவர் சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்துக்கொள்வார்கள். ஒருவர் உறை போல இன்னொருவருடையது இருக்காது. கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் சீட்டுகளைப் பார்த்தே இன்றைக்கு யார் வந்திருக்கிறார், யார் லீவு என்று சொல்லிவிடலாம். என் சிநேகிதன் தேவராஜுடையது சிவப்பு ஆட்டுத்தோல், ஓரத்தில் வெள்ளை நூல் தையல். "பொண்டாட்டி ரவிக்கைக்குக்கூட இவன் இவ்ளோ பாத்திருக்கமாட்டான்" என்று கிண்டல் செய்வார்கள்.

தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் பழைய கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆயுத பூஜையன்று கழுவிப் பொட்டு வைத்து நிறுத்திய சைக்கிள்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ரோலில் கடைசிப் படம் தேவராஜின் சைக்கிள்.

"இன்னா தோஸ்த், என்னையும் சேத்து எடு."

"ஓரமா நில்லுடா. உன் மூஞ்சியப் பாத்தா ஃபிலிம் கெட்டுடும்."

"சரி, அடுத்த ரோல்ல என்னைத் தனியா எடு. தலைக்கு எண்ணெ வச்சி சீவிட்டு வர்றேன்."

எல்லாரும் சிரித்தோம். அவன் நகர்ந்து நின்றான். அவன் நிழல்கூட விழாதபடி பார்த்துத்தான் எடுத்தேன்.

வேலூருக்குப் போய் அடுத்த ரோல் வாங்குவதற்குள், கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தேவராஜ் விஷக்காற்றில் செத்துப்போனான். பதினாறாம் நாள் அவன் மனைவி ரோஸி கைக்குழந்தையோடு வந்தாள். கல்யாணத்துக்குக்கூட அவர்கள் படம் எடுத்துக்கொண்டதில்லை.

"அண்ணே, நீங்க படம் புடிச்சீங்களாமே. கொழந்தைக்குக் காட்டணும், குடுங்கண்ணே."

கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இவரு எங்கண்ணே?"

"பக்கத்துலதாம்மா நின்னான்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. வேறு படமில்லாததால் அந்தச் சைக்கிளையே கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். கறுப்பு வெள்ளைப் படம், சீட்டின் சிவப்புகூட அதில் இல்லை. நான் இங்கே வந்தபின் அவள் ஒரே ஒரு கடிதம் போட்டாள். பையன் பள்ளிக்கூடத்தில் அப்பாவை வரையச் சொன்னதற்கு இரண்டு சக்கரம் வரைந்தானாம்.

போன வாரம் ஒரு சைக்கிளுக்கு எதிரே கேமராவைத் தூக்கினேன். அதன் சொந்தக்காரக் கிழவி வந்துவிட்டாள். "சைக்கிள் மட்டும்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, முடியை ஒதுக்கிக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துச் சிரித்தபடி நின்றாள். ஓரமாக நிற்கச் சொல்லும் அளவுக்கு எனக்கு இந்த மொழி தெரியும். சொல்லவில்லை. எடுத்தேன்.

அறைச் சுவரில் இந்தப் படத்தையும், நெகட்டிவிலிருந்து எனக்கென்று போட்டு வைத்திருந்த தேவராஜ் சைக்கிளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பெயர் தெரியாத கிழவி பல் தெரியச் சிரிக்கிறாள். தேவராஜ் முகத்தைக் கண்ணை மூடிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். சிவப்பு சீட்டுதான் வருகிறது.