தலைகீழாகச் சொன்ன பாட்டு

காலையில் கொடியிலிருந்து வேட்டியை எடுத்தேன். மாவு தடவியதுபோல வெள்ளைத் தூசு. பக்கத்துக் காட்டில் ரிக் வண்டி வந்து ஆழ்துளைப் போர் போடுகிறது. முகர்ந்து பார்த்தேன். சூடான கல் பொடி. இந்த வயதிலும் அந்த வாசம் வந்தால் எனக்குப் பயம்தான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ரிக் வண்டியில் வடக்கே போனேன். துளையிடும் பிட்டுக்கு மேலே ராடு, அதாவது இரும்புக் குழாய், மாட்டுகிற வேலை. துளையிலிருந்து கிளம்பும் தூசு காதில் இருக்கும், சோற்றில் இருக்கும், ரசத்தில் அடியில் தங்கும். கலக்காமல் மேலாகக் குடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் டீயைக்கூட அடியில் கொஞ்சம் விட்டுவிடுவேன். மனைவி திட்டுவாள்.

போன ஊர்களில் எங்களை ‘மதராசி’ என்பார்கள். எல்லோருக்கும் அந்த ஒரே பெயர். எனக்கு அது உறுத்தியது. பாட்டு ஒன்று கட்டினேன். கவிதை என்று சொல்ல வெட்கம். போர் தொடங்கும் முன்னால் வண்டிக்குத் தேங்காய் உடைத்துப் பூசை போடுவோம். அப்போது கையைக் கட்டிக்கொண்டு சொல்வேன்.

பனமரத்துப்பட்டிப் பழனிச்சாமி பிடிக்கும் ராடு,
ஜேடர்பாளையத்து அர்த்தநாரி இறக்கும் பிட்டு,
கிணறு வெட்டிச் செத்த குப்பன் மகன் கை இது,
எங்க சனம் தொட்ட மண்ணு, தண்ணியே வா.

“என்ற பேருக்கு முன்னால அழகன்னு ஒரு வார்த்தை போடுங்க” என்பான் கூட ராடு பிடிக்கும் பழனிச்சாமி. “போட்டா ராடு வளைஞ்சிரும்” என்பேன்.

மூன்றாவது வரி அர்த்தநாரி அண்ணன் கேட்டுச் சேர்த்தது. அவர்தான் துளை போடும் டிரில்லர். வெடி வைத்த கிணற்றில் பாறை சரிந்து அவருடைய அப்பா குப்பன் செத்துப்போனார். “எங்கய்யன் பேரு எங்கயும் எழுதிக் கெடக்கல சாமி. நீயாவது சொல்லு” என்றார். நான் சொல்லும்போதெல்லாம் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்.

ஒரு ஊரில் ஒரு விவசாயியின் காட்டில் பாயிண்ட், போர் போடும் இடம். அந்த விவசாயிக்கு ஏற்கெனவே இரண்டு போர் பொய்த்திருந்தது. ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. பாட்டைச் சொன்னேன். மத்தியானத்துக்குள் எண்ணூறு அடி போய்விட்டோம். ஈரமே இல்லை. வெறும் தூசு. விவசாயி வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். கூட்டத்தில் ஒரு கிழவர் என்னைக் கை காட்டினார். யாரோ லாரிச் சாவியை உருவினார்கள். எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

அர்த்தநாரி அண்ணனுக்கு இந்தி தெரியும். “என்னங்கண்ணா சொல்றாங்க?” என்றேன்.

“நீ மந்திரம் போட்டுத் தண்ணியக் கட்டிப்புட்டியாம்.”

“பேருதானுங்க சொன்னேன்.”

“அதச் சொல்லிட்டேன். வெறும் பேர எவனாச்சும் கையக் கட்டிட்டுச் சொல்லுவானாங்கறாங்க.”

கடைசி வார்த்தையில் ஆரம்பித்து முதல் வார்த்தை வரை தலைகீழாகச் சொன்னால் கட்டு அவிழுமாம். அதுவரை வண்டி நகராது. அவர்கள் கையில் தடி, கடப்பாரை. பழனிச்சாமி டயரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“சொல்லு சாமி. ஊடு போய்ச் சேரோணும்” என்றார் அர்த்தநாரி அண்ணன்.

ஆரம்பித்தேன். வா, தண்ணியே, மண்ணு, தொட்ட, சனம், எங்க. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. இது, கை, மகன். குப்பன் என்று வரவேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். ஒருவன் தடியால் லாரிக் கதவை அடித்தான். சொல்லிவிட்டேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் விவசாயிதான் எழுந்து வந்தார். சாவியை வாங்கி அண்ணன் கையில் வைத்தார். எங்கள் யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

ரொம்ப தூரம் தாண்டி டீக்கு நிறுத்தினோம்.

“எங்கய்யன் பேர எடுத்துரு சாமி” என்றார் அண்ணன்.

“ஏனுங்கண்ணா?”

“ஒருக்காச் செத்தது போதும். கண்ட ஊர்ல வந்து ஏச்சு வாங்க வேண்டாம்.”

“என்ற பேரையும் எடுத்துருங்க” என்றான் பழனிச்சாமி.

அடுத்த பாயிண்டில் தேங்காய் உடைத்தார்கள். நான் பாட்டைச் சொல்லாமல் ராடை எடுக்கப் போனேன். யாரும் கேட்கவும் இல்லை. அதன்பின் நாலு வருசம் அதே வண்டியில் காலத்தை ஓட்டினேன். பயத்தோடுதான் ஓட்டினேன்.

அர்த்தநாரி அண்ணன் போன வருசம் தவறிவிட்டார். கருமாதிக்கு ஜேடர்பாளையம் போயிருந்தேன். ஆற்றங்கரையில் காரியம் செய்துவைத்தவர் மகனிடம் தாத்தா பெயரைக் கேட்டார். தாத்தாவை அவன் பார்த்ததில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தான். மாமனார் பெயரை அந்த அம்மா வாயால் சொல்லமாட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குத் தெரியும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் தெரிந்தவர்கள், நம் சனம். இருந்தும் நாக்கு எழவில்லை.

“தெரியலீங்க” என்றான் பையன்.

“பரவால்ல சாமி” என்று அவர் அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லிக்கொண்டு போனார்.